உயரத்திற்கும் ஓர் அளவுண்டு

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேராசிரியப் பெருமக்கள் பணித்தபோது யாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பளிக்கலாம். காப்பியச் சுவையும் கவிதை நயமும் மணக்க வேண்டிய ஏட்டில் ஜீப் வண்டியின் கமானுக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு எம் விடை ஒன்றே. தமிழ்ப் புலவர்கள் வண்டியை ஒருநாளும் தாழ்வாக எண்ணியதில்லை.

அரூர் அடங்கிய தகடூர் நாட்டை அதியமான் மரபினர் ஆண்டனர். அம்மரபில் தோன்றிய பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றின் 102ஆம் பாடலாக அமைந்துள்ளது. மேடுபள்ளம் மலிந்த வழியில் செல்லும் உப்பு வணிகர், அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள வேறோர் அச்சை வண்டியின் அடியிலேயே கட்டிச் செல்வர். இடர் வருங்கால் உதவும் அந்த மாற்று அச்சுக்கு அவனை ஒப்பிடுகிறார் புலவர். அரசனைப் புகழ அரியணையையும் முரசையும் விட்டு ஓர் அச்சுக்கட்டையைத் தேடிச் சென்ற அந்தப் பெருமாட்டி, இந்நாட்டு வழிகளை நன்கு அறிந்தவராகவே இருத்தல் வேண்டும்.

அவ்வழிகள் இன்றும் முற்றாக மாறிவிடவில்லை. வாணியாற்றின் கரையில் அமைந்த அரூரிலிருந்து பார்த்தால் சித்தேரி மலைத்தொடர் தெரியும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய அம்மலையில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமையும் புளியும் அவர்தம் வாழ்வுக்கு ஆதாரம். சித்தேரி ஊராட்சியில் 60க்கும் மேற்பட்ட சிற்றூர்கள் உள்ளன. அவற்றுள் கலசப்பாடி, அரசநத்தம் போன்றவை நெடுங்காலம் மண்பாதையையே நம்பியிருந்தன. நோயாளியைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்திகளை நாளேடுகளில் பலரும் படித்திருப்பீர்கள். அத்தகைய பாதையில் ஏறவல்ல ஊர்தி ஜீப் ஒன்றே.

அந்த ஜீப்பின் வரலாறும் சுவையானது. அமெரிக்கப் படைக்கென 1940ஆம் ஆண்டில் முதல் மாதிரி உருவாயிற்று. 1941 முதல் வில்லிஸ் நிறுவனம் அதனைப் பெருந்தொகையில் செய்தது. நம் நாட்டில் 1945இல் மகிந்திரா உடன்பிறந்தார் இருவரும் மாலிக் குலாம் முகம்மதும் கூடி 'மகிந்திரா அண்டு முகம்மது' என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். நாட்டுப் பிரிவினைக்குப் பின் குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1951 முதல் 1955 வரை அந்நாட்டின் ஆளுநர் தலைவராகவும் விளங்கினார். நிறுவனம் 1948இல் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' எனப் பெயர் பெற்றது. அந்நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பொருத்தத் தொடங்கிப் பின்னர் தானே செய்யவும் தொடங்கியது. போர்க்களத்திற்குப் பிறந்த வண்டி நம் மலைகளில் புளிமூட்டை சுமக்க வந்த கதை இதுதான்.

எம் தமையனார் அரூரில் புளி வணிகம் செய்பவர். அவரிடம் 1990களில் செய்யப்பட்ட மகிந்திரா ஜீப் ஒன்று உண்டு. முன்னும் பின்னும் கமான் பூட்டியது. மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்குவதற்கென வாங்கப்பட்டதாயினும், இறங்கும்போது காய்ச்சல்காரரையோ பேறுகாலப் பெண்ணையோ அரூர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவருவதும் அதன் தொழிலாகிவிட்டது. இதற்கு அவர் காசு பெறுவதில்லை. 2021ஆம் ஆண்டு மழைக்காலத்திற்கு முன், பாதையின் ஓரிடத்தில் வண்டியின் அடிவயிறு கல்லில் தட்டத் தொடங்கியது. சக்கரத் தடங்கள் இரண்டும் அரித்து ஆழமாகி, நடுவில் கல்முதுகு ஒன்று எழுந்து நின்றது. மழை நாளில் நிறைமாதப் பெண் ஒருத்தியை அவ்விடத்தில் இறக்கி நடத்த நேர்ந்தால் என்னாகும் என்ற கவலை தமையனாரைப் பற்றிக்கொண்டது. வண்டியை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு அவ்வாறுதான் எழுந்தது.

எவ்வளவு உயர்த்துவது என்பதில் வீட்டில் இரு கட்சிகள். பொறியியல் பயிலும் தமையனார் மகன் நான்கு அங்குலம் உயர்த்திப் பெரிய டயர் பூட்ட வேண்டும் என்றான். "சித்தப்பா, போட்டியில ஓடுற வண்டியெல்லாம் அப்படித்தான் இருக்கு" என்று எம்மையும் தன் பக்கம் இழுத்தான். தமையனாருக்கோ இருப்பதைத் தொடவே அச்சம். இருவரையும் அழைத்துக்கொண்டு, நாற்பது ஆண்டுகளாகக் கமான் வேலை செய்யும் முதியவர் ஒருவரின் பட்டறைக்குச் சென்றோம். அனைவருக்கும் அவர் 'பாய்'தான்.

'கமான்' என்னும் சொல்லை இங்கே சற்று நோக்குதல் தகும். பாரசீகத்திலும் உருதுவிலும் கமான் என்றால் வில். வில்லைப்போல் வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதே வண்டியின் கமான். பாரம் ஏறும்போது வில் நிமிர்கிறது. பாரம் இறங்கியதும் மீண்டும் வளைகிறது. நம் மலைநாட்டுக் கொல்லர் பழைய கமான் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிப்பர். துவைச்சல் ஏறிய நல்ல எஃகு என்பதால் அதற்கு அத்துணை மதிப்பு.

பாய் முதலில் கேட்டது எம்மைத் திகைக்க வைத்தது. "எவ்வளவு ஏத்தணும்னு அப்புறம் பார்க்கலாம் தம்பி. வண்டி எவ்வளவு இறங்கியிருக்குன்னு அளந்தீங்களா?" என்றார். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையிலான உயரத்தை நான்கு மூலையிலும் அளந்தோம். அதே வகைப் புதுக் கமானின் வளைவோடு ஒப்பிட்டபோது, முன்புறம் ஏறத்தாழ ஓர் அங்குலமும், ஓட்டுநர் பக்கத்துப் பின்கமான் ஒன்றேகால் அங்குலமும் தளர்ந்திருந்தன. ஆண்டுக்கணக்கில் மூட்டை சுமந்த எஃகு களைத்துப் படிந்திருந்தது. உயரம் போதவில்லை என்று யாம் எண்ணியதில் பெரும்பங்கு, வண்டி இழந்துவிட்ட உயரமே.

அடுத்துப் பாய் விளக்கியது, ஊர்தியை உயர்த்த விழைவோர் யாவரும் அறிய வேண்டியது. கமானை உயர்த்தினால் உயர்வது சேஸிஸும் அதன்மேல் உள்ள உடலும் மட்டுமே. அச்சின் நடுவே பானைபோல் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் கூடு ஓர் இம்மியும் உயராது. அதன் உயரத்தைத் தீர்மானிப்பது டயரின் விட்டம். டயரின் விட்டம் இரண்டு அங்குலம் கூடினால் கூடு ஓர் அங்குலம் உயரும். ஆனால் பெரிய டயர் பூட்டினால் கியரின் இழுவை குறையும். பிரேக்கின் சுமை கூடும். வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஆகவே தட்டுவது எது என்று முதலில் பார்க்க வேண்டும். எம் வண்டியில் தட்டியது சேஸிஸின் நடுப்பகுதி, கூடு அன்று. எனவே கமானைச் சீர்செய்தாலே பயன் உண்டு என்பது தெளிவாயிற்று.

கமானை உயர்த்தும் வழிகள் மூன்று. முதலாவது, கமானின் ஒரு முனையைத் தாங்கும் ஷேக்கிளை நீளமாக்குவது. செலவு குறைவு. ஆனால் ஷேக்கிள் இரண்டு அங்குலம் நீண்டால் வண்டி ஓர் அங்குலமே உயரும். முன்முனையில் ஷேக்கிள் அமைந்த பழைய ஜீப்புகளில் முன்னச்சின் சாய்வும் மாறிவிடும். திருப்பத்திற்குப் பின் ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்பும் இயல்பு குன்றி, வண்டி சாலையில் அலையும்.

இரண்டாவது, அச்சுக்கும் அதன்மேல் அமரும் கமானுக்கும் இடையே கட்டை வைப்பது. பின்னச்சில் இது வழக்கத்தில் உள்ளதே. முன்னச்சில் வைப்பது பேரிடர். பிரேக் அழுத்தும்போது அச்சு முறுக்கிக்கொள்ளும் விசை அந்தக் கட்டையை நெம்புகோல்போல் பயன்படுத்தும்.

மூன்றாவது, கமானையே மாற்றுவது. பழைய பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவைக் கூட்டுவோர் உண்டு. துவைச்சல் முறையாக ஏறாவிட்டால் சில மாதங்களிலேயே அது மீண்டும் படிந்துவிடும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்போரும் உண்டு. ஏழு பட்டைக் கமானில் அதே கனமுள்ள எட்டாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். பட்டையின் கனத்தைக் கூட்டினாலோ விளைவு மிகப் பெரிது. கனம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். விறைத்த கமான் மூட்டைக்கு நல்லது, முதுகுக்குத் தீது. வெறும் வண்டியாக வரும்போது ஒவ்வொரு கல்லும் உள்ளிருப்பவரின் எலும்பில் ஒலிக்கும். பேறுகாலப் பெண்ணை ஏற்றும் வண்டிக்கு அது ஆகுமா?

"நாலு அங்குலம் ஏத்துனா என்ன பாய் ஆகும்?" என்று மகன் விடாமல் கேட்டான். பாய் சினக்கவில்லை. வண்டியின் கீழே அவனை அழைத்துச் சென்று, கியர்ப்பெட்டியிலிருந்து அச்சுக்குச் செல்லும் தண்டைக் காட்டினார். அத்தண்டு அரை மீட்டர் நீளமுடையதாயின், வண்டி 5 செ.மீ. உயர்ந்தால் அதன் சாய்வு ஏறத்தாழ 6 பாகை கூடும். 10 செ.மீ. உயர்ந்தால் 11 பாகைக்கு மேல் கூடும். சாய்வு கூடக்கூட மூட்டிலுள்ள ஜாயின்ட் கிராஸ் அதிர்ந்து விரைவில் தேயும். ஷாக் அப்சார்பர் நீளம் போதாமல் இழுபடும். அச்சு முழுதும் கீழிறங்கும் வேளையில் பிரேக்கின் ரப்பர்க் குழாய் விறைத்து நிற்கும். மலையிறக்கத்தில் அக்குழாய் அறுந்தால் நேர்வதைச் சொல்லத் தேவையில்லை.

கவிழும் கணக்கை மகனே தாளில் போட்டுப் பார்த்தான். இரு சக்கரங்களுக்கும் இடையே 130 செ.மீ. அகலமும், தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் பளு மையமும் உடைய வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டான். அது பக்கவாட்டில் 45 பாகை சாயும் வரை கவிழாது. பளு மையம் 5 செ.மீ. உயர்ந்தால் அவ்வெல்லை 43 பாகையாகக் குறையும், 10 செ.மீ. உயர்ந்தால் 41 பாகை. இது அசையாது நிற்கும் வண்டியின் கணக்கு. கமான் சாய்வதும், வளைவில் திரும்பும் விசையும், மேலே கட்டிய மூட்டையும் சேர்ந்தால் எல்லை இன்னும் சுருங்கும். மயிற்பீலியே ஆயினும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்ற வள்ளுவர் இன்றிருந்தால், பாரத்தோடு உயரத்தையும் சேர்த்தே எச்சரித்திருப்பார். தாளை மடித்துப் பையில் வைத்த மகன் அதன்பின் நான்கு அங்குலத்தைப் பற்றிப் பேசவில்லை.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. உற்பத்தியாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக ஊர்தியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் அதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வந்த சட்டத்திருத்தம், ஒப்புதலற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. தேய்ந்த கமானை நீக்கி அதே அளவுள்ள புதியதைப் பூட்டுவது பழுதுபார்த்தலாகும். அதற்குமேல் உயர்த்த விழைவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிதல் கடமை. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனமும் இதையே முதலில் வினவும்.

இத்தனை கணக்கும் சட்டமும் ஒருபுறம் இருக்க, எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது மலையில் ஒரு மூதாட்டி கூறிய சொல். வண்டியை உயர்த்தப் போகிறோம் என்று தமையனார் அங்கே சொன்னபோது, பாறைமேல் அமர்ந்து புளி உரித்துக்கொண்டிருந்த அவர் தலைநிமிர்ந்தார். "கல்லுக்கு மேல போவட்டும் சாமி, நல்லதுதான். ஆனா நான் எப்படி ஏறுவேன்?" என்றார். பிறகு தம் முழங்காலைத் தொட்டுக் காட்டி, "எனக்கு இம்புட்டு உசரந்தான் கால் தூக்க வரும்" என்றார்.

யாம் அனைவரும் கல்லின் பக்கமிருந்தே வண்டியை அளந்துகொண்டிருந்தோம். ஏறுபவரின் பக்கமிருந்து அளந்தவர் அவர் ஒருவரே. வயது முதிர்ந்தோரும், கருவுற்ற பெண்டிரும், காய்ச்சலில் நடுங்குவோரும் ஏறுவதற்கென்றே உயர்த்தப்படும் வண்டி, அவர்கள் ஏறவியலாத உயரத்தில் நின்றால் அதனால் ஆவதென்ன? வண்டியின் கீழுயரத்தைக் கல் தீர்மானிக்கிறது. மேலுயரத்தை முழங்கால் தீர்மானிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே தக்க உயரம். பாயிடம் இதனைக் கூறியபோது அவர் நெடுநேரம் தலையசைத்தார். "இத்தனை வருசத்துல இந்தக் கணக்கை எவரும் என்கிட்டக் கொண்டுவரல தம்பி" என்றார்.

முடிவு எளிதாயிற்று. நான்கு கமான்களையும் நீக்கி, வண்டிக்குரிய அளவிலேயே புதியவை பூட்டினோம். புஷ்களும் ஷேக்கிள் ஆணிகளும் யூ போல்ட்டுகளும் புதிதாயின. ஷாக் அப்சார்பர்களும் அவ்வளவிலேயே மாறின. டயரின் அளவு மாறவில்லை. அச்சைத் தொங்கவிட்டுப் பிரேக் குழாய் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்தோம். பூட்டிய அன்று வண்டி ஒன்றரை அங்குலம் உயர்ந்து நின்றது. புதுக் கமான் ஓடஓடச் சற்றே படியும் என்று பாய் முன்பே கூறியிருந்தார். அவ்வாறே கால் அங்குலம் படிந்து, ஒன்றேகால் அங்குலத்தில் நிலைத்தது. சில நாள் ஓடியபின் யூ போல்ட்டுகளை மீண்டும் முறுக்கினோம். இதனை மறப்போர் பலர். பின்புறம் ஏறுவோர்க்கு, ஓட்டும்போது மடித்துக்கொள்ளத்தக்க இரும்புப்படி ஒன்றை மகனே வரைந்து தந்தான். பாய் அதனை முழங்காலுக்கும் கீழான உயரத்தில் அமைத்தார். மூட்டைகளைக் கூரைமேல் கட்டும் வழக்கமும் அன்றோடு நின்றது.

எஞ்சிய குறையை ஊரார் தீர்த்தனர். மழைக்கு முன் ஒருநாள் கடப்பாறையோடு வந்து, நடுவில் நின்ற கல்முதுகின் கூரிய பகுதியை உடைத்து, அக்கற்களையே தடத்தின் பள்ளத்தில் இட்டு நிரப்பினர். அரைநாள் வேலை. வண்டி ஒன்றேகால் அங்குலம் மேலே வந்தது. பாதையும் தன் பங்குக்குக் கீழே இறங்கிவந்தது. அந்த மழைக்காலத்தில் வண்டி அவ்விடத்தில் ஒருமுறையும் தட்டவில்லை. மூதாட்டியும் ஐப்பசியில் கண் மருத்துவத்திற்கெனத் தாமே படியில் கால்வைத்து ஏறி அரூர் வந்து சென்றார்.

இன்று புதிய ஜீப் வாங்குவோர்க்குக் கமான் பழங்கதையாகி வருகிறது. 2020இல் வந்த இரண்டாம் தலைமுறைத் தார் வண்டியில் முன்னும் பின்னும் சுருள் ஸ்பிரிங்குகளே உள்ளன. தரையிலிருந்து அதன் உயரம் 226 மி.மீ. 2023இல் வந்த மாருதி ஜிம்னிக்கு அது 210 மி.மீ. நிறுவனம் தந்த இந்த உயரமே நம் மலைப்பாதைகள் பலவற்றுக்குப் போதுமானது. அதற்கும் மேல் வேண்டுமெனில், ஸ்பிரிங்கின் தலையில் வெறும் வளையம் வைத்து உயர்த்துவதைவிட, தான் சுமக்கும் பாரத்திற்கேற்ற ஸ்பிரிங்கையும் அதற்கு இணையான ஷாக் அப்சார்பரையும் தேர்வதே முறை. எவ்வாறாயினும் முதலில் பாரத்தை எழுதுக, அடுத்து, தட்டும் இடத்தைக் குறித்துக்கொள்க, அதன்பின் தளர்ச்சியை அளக்க, சட்டத்தை வினவுக, இறுதியாக, வீட்டிலுள்ள மூத்தோர் ஒருவரை அழைத்து வண்டியில் ஏறிப் பார்க்கச் சொல்லுக.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். உங்களுள் பலர் நாளை பாலம் அமைப்பீர்கள், பள்ளி நடத்துவீர்கள், அலுவலகங்களில் அமர்ந்து விதிகள் வகுப்பீர்கள். அங்கெல்லாம் படியின் உயரத்தை உங்கள் காலால் மட்டும் அளந்துவிடாதீர்கள். மனு எழுதத் தெரியாதவரும், வரிசையில் நிற்க இயலாதவரும் அப்படியில் ஏற வேண்டியவர்களே. மலைச்சிற்றூர்களுக்குத் தார்ச்சாலை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டிருக்கிறது. அது முற்றும் எட்டும் நாளில் எம் தமையனாரின் ஜீப்புக்கு ஓய்வு கிட்டலாம். அதுவரை அது ஒன்றேகால் அங்குல உயர்வோடும், ஓர் இரும்புப்படியோடும் புளியும் சாமையும் மனிதரும் சுமந்து ஓடிக்கொண்டிருக்கும்.